கூகுள் கோலாபில் 'ஆர்' மொழி: சிவப்பு எழுத்துகளைக் கண்டு பயப்பட வேண்டாம்

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் சில மாதங்களிலேயே ஒரு கட்டத்துக்கு வந்துவிடுவார்கள். படம் பார்த்தாயிற்று, மெயில் அனுப்பியாயிற்று, எக்ஸெல்லில் வீட்டுக் கணக்கும் போட்டாயிற்று. அடுத்து ஏதாவது ஒரு புரோகிராமிங் மொழியைக் கற்றுக்கொள்ளலாமே என்று தோன்றும். யாராவது ஒருவர், "எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, எல்லாம் இன்டர்நெட்டிலேயே இருக்கிறது" என்று சொல்வார். அதை நம்பித் தொடங்கினால், முதல் கட்டளைக்கே சிவப்பு நிறத்தில் பத்து வரி வந்து நிற்கும்.

சென்ற பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அதில் ஒரு பெரிய தவறு என்னுடையது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் அதைச் செய்யாமல் இருந்தால் போதும்.

திருவையாற்றுக்கு அருகே, குடமுருட்டிக் கரையில் எங்கள் கிராமம். நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் என்ஜினீயர். போகிக்கு முதல் நாள் இரவு ஊருக்குப் போய் இறங்கியதுமே, சித்தப்பா மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வேளாண்மைப் படிப்பில் கடைசி வருடம் படிக்கிறாள். பொங்கல் முடிந்து கல்லூரி திறக்கும் அன்றே புராஜெக்ட் அறிக்கை கொடுக்க வேண்டும்.

புராஜெக்டின் மூலதனம் சித்தப்பாவின் டைரி. மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் வெளியேற்றம் மூன்றையும் தினமும் செய்தித்தாளில் பார்த்து டைரியில் குறித்து வைப்பது அவர் வழக்கம். டெல்டாவில் இப்படிக் குறித்து வைக்கும் பெரியவர்கள் பலர் உண்டு. குறுவைக்கு நாற்று விடுவதா, இல்லை நேராகச் சம்பாவுக்குப் போய்விடுவதா என்பதை அந்த எண்கள்தானே முடிவு செய்கின்றன! 2020 முதல் 2025 வரை ஆறு வருட டைரியை அவள் டைப் செய்து வைத்திருந்தாள். அதை 'ஆர்' மொழியில் அலசி, வரைபடம் போட வேண்டும்.

"அண்ணா, நாலு நாளா இதோட மல்லுக்கட்டறேன். ஒண்ணும் ஓடலை" என்றாள். அழாத குறை.

நோட்புக் என்றால் என்ன?

கதையைத் தொடரும் முன் சில அடிப்படைச் செய்திகளைப் பார்த்துவிடுவோம்.

'ஆர்' என்பது புள்ளியியல் கணக்குகளுக்கான இலவச புரோகிராமிங் மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990-களின் தொடக்கத்தில் இதனை உருவாக்கினர். இருவர் பெயரும் ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவதால் மொழிக்கும் அந்தப் பெயர் அமைந்தது. முதல் முழுமையான பதிப்பு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வெளியானது. வேளாண்மை, மருத்துவம், பொருளாதாரம் படிப்பவர்கள் இதனை அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

இதனை உங்கள் கம்ப்யூட்டரில் நேரடியாகவும் இன்ஸ்டால் செய்யலாம். என் தங்கையிடம் இருந்ததோ 4 ஜிபி ராம் கொண்ட பழைய லேப்டாப். பிரவுசரில் நான்கு டேப் திறந்தாலே மூச்சு வாங்கும். அதனால் கல்லூரியில் கூகுள் கோலாப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான்.

கோலாப் என்பது பிரவுசரிலேயே இயங்கும் ஒரு நோட்புக். கூகுள் இதனை 2017-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பள்ளி நோட்டைப் போலவே இதில் விளக்கம் எழுதலாம். இடையிடையே புரோகிராம் கட்டளைகளும் எழுதலாம். ஒவ்வொரு கட்டளைப் பெட்டிக்கும் செல் என்று பெயர். செல்லுக்குள் கர்சரை வைத்து ஷிப்ட் கீயுடன் என்டர் தட்டினால், அந்தக் கட்டளை இயங்கி விடை அதன் கீழேயே கிடைக்கும்.

இந்தக் கணக்கு உங்கள் லேப்டாப்பில் நடப்பதில்லை. கூகுளின் கம்ப்யூட்டர் ஒன்றில் உங்களுக்கென ஓர் இடம் தற்காலிகமாக ஒதுக்கப்படுகிறது. இலவசப் பயன்பாட்டிலேயே சுமார் 12 ஜிபி ராம் கிடைக்கும். உங்கள் லேப்டாப் வெறும் திரையாகவும் கீபோர்டாகவும் மட்டும் வேலை செய்கிறது. புதிய பேக்கேஜ்களை டவுண்லோட் செய்வதும் அந்தக் கம்ப்யூட்டர்தான். ஆகவே உங்கள் மொபைல் டேட்டா அதிகம் செலவாகாது. எங்கள் வீட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலேயே முழு வேலையும் முடிந்தது.

'தற்காலிகமாக' என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருவோம்.

இன்னொரு குறிப்பு. இக்கட்டுரையில் கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் தந்துள்ளேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும்.

முதல் கேள்வி: எந்த மொழி ஓடுகிறது?

தங்கையின் நோட்புக்கைத் திறந்து பார்த்தேன். முதல் செல்லில் 'லைப்ரரி' என்று தொடங்கும் ஒரு கட்டளை. கீழே சிவப்பில், 'நேம் எர்ரர்: நேம் லைப்ரரி இஸ் நாட் டிஃபைன்டு' என்ற செய்தி. அதாவது, லைப்ரரி என்ற பெயரே எனக்குத் தெரியாது என்கிறது கம்ப்யூட்டர்.

லைப்ரரி என்பது 'ஆர்' மொழியின் மிக அடிப்படையான கட்டளை. அது தெரியாது என்றால், அங்கே ஓடுவது 'ஆர்' அல்ல என்றுதானே பொருள்? ஆம். கோலாபில் புதிய நோட்புக் திறந்தால், நாம் மாற்றாதவரை அது பைத்தான் மொழிக்கானது.

இதைவிட வேடிக்கையான எர்ரர் ஒன்று உண்டு. 'ஆர்' மொழியில் எக்ஸ் என்ற பெயரில் ஒரு மதிப்பைப் போட்டு வைக்க, எக்ஸ் <- 10 என்று அம்புக்குறி போல எழுதுவோம். இதையே பைத்தானில் கொடுத்தால் அது அம்பாகத் தெரியாது. "எக்ஸ் என்பது மைனஸ் 10-ஐ விடச் சிறியதா?" என்று நாம் கேட்பதாக பைத்தான் எடுத்துக்கொள்ளும். "எக்ஸ் என்று எதுவும் இல்லையே" என்று பதில் தரும். நாமோ எக்ஸை உருவாக்கத்தான் அந்த வரியையே எழுதினோம்! இந்தச் செய்தியைப் பார்த்து மணிக்கணக்கில் குழம்பியவர்கள் உண்டு.

சரி செய்யும் வழி எளிது.

1. மேலே உள்ள மெனுவில் 'ரன்டைம்' என்பதில் கிளிக் செய்திடுங்கள்.
2. அதில் 'சேஞ்ச் ரன்டைம் டைப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. கிடைக்கும் சிறிய விண்டோவில் பைத்தான் 3 என்று இருக்கும் இடத்தில் கிளிக் செய்து, பட்டியலில் 'ஆர்' எழுத்தைத் தேர்வு செய்யுங்கள்.
4. அதன் கீழே சிபியு என்பதே இருக்கட்டும். சாதாரண வேலைகளுக்கு ஜிபியு தேவையில்லை.
5. 'சேவ்' கிளிக் செய்திடுங்கள்.

இப்போது சரியாக மாறிவிட்டதா என்று சோதிக்க, ஒரு செல்லில் ஆர்.வெர்ஷன்.ஸ்டிரிங் என்று டைப் செய்து இயக்குங்கள். ஆர் மட்டும் பெரிய எழுத்து, மற்றவை சிறிய எழுத்து, இடையில் புள்ளிகள். 'ஆர்' மொழியின் பதிப்பு எண்ணும் தேதியும் விடையாக வந்தால் வெற்றி. மீண்டும் நேம் எர்ரர் வந்தால், இன்னும் பைத்தான்தான் ஓடுகிறது.

இன்ஸ்டால் எதுவும் செய்யாமலேயே 'ஆர்' வந்துவிட்டது பார்த்தீர்களா? முன்பு இவ்வளவு எளிதாக இல்லை. அங்கேதான் எங்கள் அடுத்த சிக்கல் தொடங்கியது.

பழைய நோட்ஸும் இரண்டு சதவீதக் குறிகளும்

ரன்டைமை மாற்றியதும் வேறு எர்ரர் வந்தது. 'அன்எக்ஸ்பெக்டட் இன்புட்' என்றது ஒரு செல். 'அன்எக்ஸ்பெக்டட் ஸ்பெஷல்' என்றது இன்னொரு செல்.

"நான் நேத்தும் இதை மாத்திப் பார்த்தேண்ணா. இப்படித்தான் வந்தது. அதனால திரும்பப் பைத்தானுக்கே மாத்திட்டேன்" என்றாள்.

காரணம் அவள் கையில் இருந்த நோட்ஸ். சில வருடங்களுக்கு முன் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்த தாள்கள் அவை. அதில் இருந்தது பழைய முறை. பைத்தான் நோட்புக்கையே வைத்துக்கொண்டு, ஆர்பை2 என்ற பாலத்தின் வழியாக உள்ளே 'ஆர்' மொழியை இயக்குவது. அதற்கு முதல் செல்லில் ஒரு சதவீதக் குறியுடன் தொடங்கும் கட்டளை ஒன்றைக் கொடுத்து, பாலத்தை லோட் செய்ய வேண்டும். பிறகு 'ஆர்' கட்டளை உள்ள ஒவ்வொரு செல்லிலும் முதல் வரியாக %% என்ற இரு சதவீதக் குறிகளும் ஆர் எழுத்தும் இருக்க வேண்டும்.

அந்த முறையும் தவறல்ல. பைத்தானையும் ஆரையும் ஒரே நோட்புக்கில் கலந்து பயன்படுத்துபவர்களுக்கு அது வசதியானது. பாலத்தை லோட் செய்ய மறந்தால் 'செல் மேஜிக் நாட் ஃபவுண்ட்' என்ற செய்தி வரும். முதல் செல்லை இயக்கினால் அது சரியாகிவிடும்.

ஆனால் ரன்டைமையே 'ஆர்' என்று மாற்றிய பிறகு பாலம் எதற்கு? ஆற்றைக் கடந்து அக்கரைக்கு வந்துவிட்டோம். இங்கே %% என்பதற்குப் பொருளே வேறு. 'ஆர்' மொழியில் அது வகுத்து மீதி காணும் குறி. வரியின் தொடக்கத்திலேயே வகுத்தல் குறி வந்தால் எதை எதால் வகுப்பது? அதனால்தான் எர்ரர்.

என் தங்கையின் நோட்புக்கில் பாதி செல்கள் பழைய முறை, பாதி செல்கள் புதிய முறை. ரன்டைம் எதுவாக இருந்தாலும் ஒரு பாதி ஓடாது. நான்கு நாள் மல்லுக்கட்டியதன் ரகசியம் இவ்வளவுதான். சதவீதக் குறியுள்ள வரிகளை எல்லாம் அழித்தோம். முக்கால்வாசி எர்ரர்கள் மறைந்தன.

ஆகவே, எந்த வழிகாட்டியைப் பின்பற்றினாலும் அது எப்போது எழுதியது என்று முதலில் பாருங்கள். இரண்டு வழிகாட்டிகளைக் கலக்காதீர்கள். இந்தக் கட்டுரைக்கும் அது பொருந்தும்.

வளைந்த மேற்கோள் குறிகள்

மீதி இருந்த எர்ரர்களில் பாதிக்கு வாட்ஸ்அப் காரணம். தோழி ஒருத்தி கட்டளைகளை வேர்ட் பைலில் ஒட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். வேர்ட் புரோகிராம் நாம் டைப் செய்யும் நேரான மேற்கோள் குறிகளை அழகுக்காக வளைத்துவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு எழுத்துகள். வளைந்த குறியைக் கண்டதும் 'ஆர்' நின்றுவிடும்.

மேற்கோள் குறிகளை மட்டும் அழித்துவிட்டு, கோலாப் செல்லிலேயே மீண்டும் டைப் செய்யுங்கள். சரியாகிவிடும்.

அதோடு பெரிய எழுத்து, சிறிய எழுத்தையும் கவனியுங்கள். மொபைலில் டைப் செய்தால் வரியின் முதல் எழுத்து தானாகவே பெரிய எழுத்தாகிவிடும். லைப்ரரி என்ற கட்டளையைப் பெரிய எழுத்தில் தொடங்கினால், 'குட் நாட் ஃபைண்ட் பங்ஷன்' என்ற செய்தி கிடைக்கும்.

சிவப்பெல்லாம் எர்ரர் அல்ல

'ஆர்' மொழியில் கூடுதல் வசதிகள் பேக்கேஜ் என்ற பெயரில் கிடைக்கின்றன. தங்கையின் நோட்ஸில் அக்ரிகோலே என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்யச் சொல்லியிருந்தது. பெரு நாட்டைச் சேர்ந்த பெலிப்பே டி மெண்டிபுரு உருவாக்கிய இது, வயல் பரிசோதனைக் கணக்குகளுக்கு வேளாண் மாணவர்கள் பலரும் பயன்படுத்துவது.

பேக்கேஜ் விஷயத்தில் இரண்டு படிகள் உள்ளன. இன்ஸ்டால்.பேக்கேஜஸ் என்ற கட்டளை பேக்கேஜைக் கொண்டுவந்து வைக்கிறது. லைப்ரரி என்ற கட்டளை அதைத் திறந்து பயன்பாட்டுக்குத் தருகிறது. விதை மூட்டையை வாங்கி வீட்டில் வைப்பது ஒன்று, பிரித்து நாற்றங்காலுக்கு எடுத்துப் போவது ஒன்று. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்தால், 'தேர் இஸ் நோ பேக்கேஜ் கால்டு' என்று அந்தப் பெயருடன் செய்தி வரும்.

இன்ஸ்டால் கட்டளையை இயக்கியதும் சிவப்பு எழுத்துகள் ஓடத் தொடங்கின. தங்கை பயந்துபோய் ஸ்டாப் பட்டனை அமுக்கப் போனாள். தடுத்தேன். 'இன்ஸ்டாலிங் பேக்கேஜ் இன்டூ' என்று தொடங்குவது வெறும் தகவல். எந்த போல்டரில் வைக்கிறேன் என்று சொல்கிறது. தகவல், எச்சரிக்கை, எர்ரர் மூன்றும் அதே பாணியில் காட்டப்படுவதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். நிறத்தை விட்டுவிட்டு, 'எர்ரர்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியில் 'நான் ஜீரோ எக்ஸிட் ஸ்டேட்டஸ்' என்று வந்தால் இன்ஸ்டால் ஆகவில்லை என்று பொருள். அப்போது கடைசி வரியைப் பார்த்துப் பயனில்லை. மேலே போய், எர்ரர் என்ற சொல் முதன்முதலில் எங்கே வருகிறது என்று தேடுங்கள். நோய் அங்கே இருக்கும். கீழே இருப்பதெல்லாம் அதன் விளைவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், அக்ரிகோலே அவள் புராஜெக்டுக்குத் தேவையே இல்லை. வகுப்பு முழுவதற்கும் பொதுவான நோட்ஸ் என்பதால் அதில் இருந்தது. அந்த வரியை அழித்துவிட்டோம்.

சோதனைக்கு ஒரு காவிரிக் கணக்கு

மொழி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கைக் கொடுப்பது நல்ல பழக்கம். நாங்கள் எடுத்துக்கொண்டது காவிரிப் பங்கீடு.

2007-ல் காவிரி நடுவர் மன்றம் தந்த இறுதித் தீர்ப்பில், பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 192 டிஎம்சி நீர் என்று இருந்தது. 2018 பிப்ரவரி 16 அன்று சுப்ரீம் கோர்ட் அதனை 177.25 டிஎம்சி ஆகக் குறைத்தது. மாதவாரியாக, ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5.

எக்ஸ் <- சி( ) என்று எழுதி, அடைப்புக்குள் இந்த 12 எண்களையும் காற்புள்ளி இட்டுக் கொடுங்கள். சி என்பது சிறிய எழுத்து. எண்களை ஒன்றாகக் கட்டும் கட்டளை. அடுத்த வரியில் பிரிண்ட்(சம்(எக்ஸ்)) என்று கொடுத்து இயக்குங்கள். [1] 177.25 என்று வர வேண்டும். அந்த [1] விடையின் பகுதி அல்ல. அந்த வரி முதலாவது மதிப்பிலிருந்து தொடங்குகிறது என்ற அடையாளம்தான்.

அருகில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "டிஎம்சி எல்லாம் கோர்ட்டுக்குத்தான் தம்பி. எங்களுக்கு கன அடியில சொல்லு" என்றார். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாளில் 86,400 வினாடிகள். ஆகஸ்ட் மாதப் பங்கை 31 நாளுக்குப் பிரித்தால், வினாடிக்கு சுமார் 17,156 கன அடி வீதம் இரவு பகலாக நீர் வர வேண்டும். ஜூனில் இதே கணக்குக்கு சுமார் 3,546 கன அடிதான். "குறுவைக்கு நாற்று விடற மாசத்துல இவ்வளவுதான் பங்கு. அப்புறம் ஏன் மேட்டூர்ல இருப்பு இருக்கணும்னு நாங்க தவிக்க மாட்டோம்?" என்றார். நாற்பது வருட விவசாயம் ஒரு வரிக் கணக்கில் வந்து நின்றது.

கி.பி. 12-ல் திறந்த அணை

அடுத்து டைரி பைல். அதை அவள் டெக்ஸ்ட் பைலாக வைத்திருந்தாள். இடது ஓரத்தில் உள்ள போல்டர் படத்தில் கிளிக் செய்து, அப்லோட் பட்டன் மூலம் பைலை ஏற்றினோம். ரீட்.சிஎஸ்வி கட்டளை கொடுத்தால் 'நோ சச் பைல்' என்று வந்தது. பைல் கண் எதிரே இருக்கிறது!

இரண்டு காரணங்கள். கோலாப் கம்ப்யூட்டர் விண்டோஸ் அல்ல, லினக்ஸ். அங்கே பைல் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. இரண்டாவது, விண்டோஸ் பைல் பெயரின் கடைசிப் பகுதியான டிஎக்ஸ்டி என்பதை மறைத்துக் காட்டுகிறது. அது தெரியாமல் பெயரோடு அவளும் அதைச் சேர்த்திருந்ததால், பெயரில் அது இரண்டு முறை இருந்தது. கோலாப் பட்டியலில் தெரியும் பெயரை அப்படியே பார்த்து எழுதுங்கள். உங்கள் லேப்டாப்பின் சி டிரைவ் முகவரியைக் கொடுக்காதீர்கள்; மேகத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு உங்கள் சி டிரைவ் தெரியாது.

பைல் திறந்தது. வரிகளை எண்ணச் சொன்னோம். 2,191 என்றது. ஆறு வருடத்தில் இரண்டு லீப் வருடங்கள்; 2,192 நாட்கள் இருக்க வேண்டும். தேடியதில் 2024 பிப்ரவரி 29 விடுபட்டிருந்தது. தேதி வரிசையை 2023-லிருந்து காப்பி செய்ததன் பலன். ஆகவே பைலை ஏற்றியதும் முதலில் வரிகளை எண்ணிப் பாருங்கள்.

பிறகு, ஒவ்வொரு வருடமும் மேட்டூர் திறந்த தேதியைப் பட்டியலிட்டோம். 2020-க்கு வந்த விடை, 0012-06-20.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பன்னிரண்டாம் வருஷமா? அணை கட்டி முடிச்சதே 1934-ல. கல்லணை வேணா கரிகாலன் கட்டினது. மேட்டூரையுமா அவன் காலத்துல திறந்தாங்க?" என்றார். வீடே சிரித்தது.

எர்ரர் எதுவும் வரவில்லை என்பதுதான் இதில் ஆபத்து. 12-06-2020 என்று நாம் நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் எழுதியிருந்தோம். ஆஸ்.டேட் என்ற கட்டளை, நாம் சொல்லாவிட்டால், வருடம், மாதம், நாள் என்ற வரிசையைத்தான் எதிர்பார்க்கும். 12-ஐ வருடமாக எடுத்துக்கொண்டு, 2020-ல் முதல் இரண்டு எண்களை நாளாக்கிவிட்டது. ஃபார்மட் என்ற இடத்தில் %டி-%எம்-%ஒய் என வரிசையைச் சொல்லிவிட்டால் சரியாகும். டி, எம் இரண்டும் சிறிய எழுத்து. நான்கு இலக்க வருடத்துக்கான ஒய் பெரிய எழுத்து.

அமெரிக்க முறையில் செட் செய்யப்பட்ட ஸ்பிரெட்ஷீட்டுகளிலும் இதே போன்ற பிரச்னை உண்டு. அங்கே 12/06 என்பது டிசம்பர் 6 ஆகிவிடும்.

திருத்தியதும் பட்டியல் சரியாக வந்தது. 2020, 2021, 2023, 2025 ஆகிய வருடங்களில் ஜூன் 12. 2022-ல் அணை நிரம்பி வந்ததால் மே 24. நீர் இல்லாத 2024-ல் ஜூலை 28. சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

என் தவறு

வரைபடத்தில் சில இடங்களில் கோடு வானத்துக்குத் தாவியது. நீர்மட்டம் 1,012 அடி என்று ஓரிடத்தில். மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டமே 120 அடி. 101.2 என்பதில் புள்ளி விடுபட்டிருக்கிறது. இப்படி நிறைய டைப்பிங் பிழைகள். கோலாபில் டெக்ஸ்ட் பைலை இருமுறை கிளிக் செய்தால் வலது பக்கம் எடிட்டரில் திறக்கும். போகி இரவு சித்தப்பா டைரியைப் பார்த்து வாசிக்க, தங்கை அங்கேயே திருத்தினாள். நள்ளிரவு தாண்டிவிட்டது.

"லேப்டாப்ல சேவ் பண்ணிக்கட்டுமா அண்ணா?" என்று கேட்டாள். தூக்கக் கலக்கத்தில் இருந்தேன். "எல்லாம் கூகுள் டிரைவ்ல இருக்கும். மூடி வச்சுட்டுப் படு" என்றேன். பல வருடம் இதே துறையில் இருப்பவன் சொன்ன சொல்.

பொங்கலன்று காலையில் திறந்தால் நோட்புக் இருந்தது. கட்டளைகள் இருந்தன. பைலைக் காணோம். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

நடந்தது இதுதான். கோலாபில் டிரைவுக்குப் போய்ச் சேர்வது நோட்புக் மட்டுமே; அதாவது நீங்கள் எழுதிய கட்டளைகளும் விடைகளும். இடது பக்கப் பட்டியலில் ஏற்றிய பைல்களும், இன்ஸ்டால் செய்த பேக்கேஜ்களும் அந்தத் தற்காலிகக் கம்ப்யூட்டரில் இருப்பவை. இலவசப் பயன்பாட்டில் அது அதிகபட்சம் 12 மணி நேரம் வரை கிடைக்கலாம். சும்மா விட்டுவிட்டால் அதற்கு முன்பே திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். எடுத்தால் உள்ளே இருப்பவை எல்லாம் அழிந்துவிடும். ரன்டைம் டைப்பை மாற்றினாலும் புதிய கம்ப்யூட்டர்தான். பைலை ஏற்றும்போதே இந்த எச்சரிக்கை திரையில் வருகிறது. நானும் அவளும் படிக்காமல் ஓகே கொடுத்திருந்தோம்.

ரன்டைம் மெனுவில் 'ரீஸ்டார்ட் செஷன்' கொடுத்தால் பைல்களும் பேக்கேஜ்களும் இருக்கும். நினைவில் உள்ள மதிப்புகள் மட்டும் போகும். 'டிஸ்கனெக்ட் அண்ட் டிலீட் ரன்டைம்' கொடுத்தால் எல்லாமே போகும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டிரைவை நேரடியாக இணைக்கும் வழக்கமான கட்டளை பைத்தானுக்கானது. 'ஆர்' ரன்டைமில் அதை அப்படியே கொடுத்தால் ஓடாது. எனவே மாற்றம் செய்த பைலின் பெயர் அருகே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து, டவுண்லோட் கொடுத்து லேப்டாப்பில் சேமித்துவிடுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது எந்த சாப்ட்வேரும் அல்ல. சித்தப்பா ஒவ்வொரு பிழையை வாசித்தபோதும் டைரியில் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தார். "இதுக்குப் போயி ஏம்மா கண்ணைக் கசக்கறே? டிக் போட்ட இடத்தை மட்டும் திருத்து" என்றார். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு மூவரும் உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. இம்முறை லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று.

சுருக்கமாக

எர்ரர் வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. எந்த மொழி ஓடுகிறது? ஆர்.வெர்ஷன்.ஸ்டிரிங் கொடுத்துச் சோதியுங்கள்.
2. 'ஆர்' ரன்டைமில் % குறியுடன் தொடங்கும் பழைய வரிகள் உள்ளனவா? நீக்குங்கள்.
3. காப்பி செய்த கட்டளையில் மேற்கோள் குறி வளைந்துள்ளதா? மீண்டும் டைப் செய்யுங்கள்.
4. பெரிய எழுத்து, சிறிய எழுத்து சரியா? பைல் பெயரிலும் பாருங்கள்.
5. புதிய செஷன் தொடங்கினால் பைலை மீண்டும் ஏற்றுங்கள்; பேக்கேஜை மீண்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். இன்ஸ்டால் வரிகளை நோட்புக்கின் முதல் செல்லிலேயே வைத்தால், மேலிருந்து வரிசையாக இயக்கினால் போதும்.
6. எர்ரர் வராவிட்டாலும் விடையைப் படித்துப் பாருங்கள். விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள்.
7. எழுந்து போகும் முன் பைலை டவுண்லோட் செய்யுங்கள்.

தங்கை அறிக்கையை நாள் தவறாமல் கொடுத்துவிட்டாள். முதல் வரைபடத்தின் கீழே, தகவல் தந்தவர் என்று அப்பாவின் பெயரைப் போட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து சித்தப்பா டைரிக்குள் வைத்திருக்கிறார். டைரி எழுதுவதை நிறுத்தவில்லை. மொபைலில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். "அதுவும் போடு. இதுவும் இருக்கட்டும்" என்றார்.

பேக்கப் பற்றி இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.